புகைக்குழாய் தரும் குதிரைத்திறன்: ஒரு வரலாறும் ஒரு கணக்கும்

காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயில் கருடசேவையைக் கண்டவர்கள் நாதஸ்வரத்தின் நாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். நாதஸ்வரத்தில் பாரி, திமிரி என இரு வகை உண்டு. நீளமான பாரியின் சுருதி தாழ்ந்தது; குட்டையான திமிரியின் சுருதி உயர்ந்தது. ஊதுபவர் அதே மூச்சைத்தான் இரண்டிலும் செலுத்துகிறார். ஆனால் குழாயின் நீளம் தனக்கு உகந்த அதிர்வையே ஏற்று வளர்க்கிறது. இயற்பியல் மாணவர்கள் இதை ஒத்ததிர்வு என்ற பெயரில் படித்திருப்பார்கள்.

மோட்டார் வண்டியின் புகைக்குழாயும் இத்தகைய ஒரு குழாய்தான் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? இந்த உண்மையைப் பொறியாளர்கள் கண்டறிந்து பயன்படுத்திய வரலாறு சுவையானது. அது நம் ஊர் இளைஞர்களின் பணப்பையோடும் தொடர்புடையது. வண்டியுடன் வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வேறொன்றைப் பொருத்துவோர் இன்று பலர். காரானால் எஞ்சின் "டியூனிங்" என்று செலவு இன்னும் கூடும். "வேகம் கூடும், பிக்கப் ஏறும்" என்பது அவர்கள் கேள்விப்படும் உறுதிமொழி. அந்தப் பணமோ, ஒரு நெசவாளர் குடும்பம் தறியில் பல நாள் உட்கார்ந்து ஈட்டும் தொகை. "வாங்கலாமா, சார்?" என்று என் மாணவர்களே என்னிடம் கேட்கிறார்கள். இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறுவதைவிட, குழாயின் கதையைக் கூறுவது மேல். விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

துடிப்பும் அலையும்

எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிந்து முடியும் தறுவாயில், வெளியேற்று வால்வு திறக்கிறது. அப்போது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். எனவே அது பீறிட்டுக் குழாய்க்குள் பாய்கிறது. இப்பாய்ச்சல் ஆற்று நீர்போல் ஒரே சீரானதன்று. துடிப்புத் துடிப்பாக நிகழ்வது. ஒவ்வொரு துடிப்பும் ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது.

அலை குழாயின் திறந்த முனையை அடைந்ததும் முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. ஒரு பகுதி எதிரொலித்து எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. திறந்த முனையில் எதிரொலிக்கும்போது நெருக்கம் நெகிழ்வாக மாறிவிடும் என்பது ஒலியியல் பாடம். அதாவது, அழுத்தமாகச் சென்ற அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு இன்னும் மூடாதிருக்கும் வேளையில் அது வந்து சேர்ந்தால், எஞ்சியுள்ள எரிந்த வாயுவை இழுத்து வெளியேற்றும். புதிய கலவை உள்ளே வர வழி பிறக்கும். கலவை அதிகம் நுழைந்தால் திறன் அதிகம். புகை வெளியேறும்போது உருளைக்குள் ஏற்படும் இந்த உறிஞ்சலை 1930களில் ஆராய்ந்து காப்புரிமை பெற்றவர் மிஷேல் கடனசி. இன்றும் இதைக் கடனசி விளைவு என்று அழைப்பர்.

எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. தறியில் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்கும் கணத்தில்தான் நாடா பாய வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் வேலை கெடும். திரும்பி வரும் அலையும் அப்படித்தான்.

பாரியா, திமிரியா?

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். சுமார் 450 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள வாயுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 540 மீட்டர் செல்லும். குழாயின் நீளம் 1 மீட்டர் என்று கொள்வோம். போய்த் திரும்ப 2 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் 3.7 மில்லி நொடி. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி ஆகும். எனவே அலை திரும்பி வருவதற்குள் எஞ்சினின் சுழல் தண்டு 133 டிகிரி சுழன்றிருக்கும். அதே எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால்? அலை அதே 3.7 மில்லி நொடியில்தான் திரும்பும். ஆனால் தண்டு 67 டிகிரியே சுழன்றிருக்கும்.

இதன் பொருள் என்ன? 6000 சுற்றில் சரியான வேளைக்கு வரும் அலை, 3000 சுற்றில் மிக முன்னதாகவே வந்துவிடும். சில வேகங்களில் உறிஞ்சும் அலைக்குப் பதிலாக அழுத்த அலை வந்து சேர்ந்து, எரிந்த வாயுவை வெளியேற விடாமல் தடுக்கவும் கூடும். ஆகவே எல்லா வேகங்களுக்கும் உகந்த குழாய் என்று ஒன்று கிடையாது. மெதுவான சுழற்சிக்கு நீண்ட குழாய், விரைவான சுழற்சிக்குக் குட்டைக் குழாய். முன்னது பாரி, பின்னது திமிரி எனலாம். ஒரு வேகத்தில் பெறும் இலாபத்துக்கு வேறொரு வேகத்தில் விலை கொடுத்தே ஆக வேண்டும். இதை உலகுக்கு மிகத் தெளிவாகக் காட்டியது கிழக்கு ஜெர்மனியின் ஒரு பந்தயப் பட்டறை.

சோப்பாவ் பட்டறை

டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் வால்வுகள் இல்லை. உருளைச் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. புதிய கலவை உள்ளே நுழையும்போது புகைத்துளையும் திறந்தே இருப்பதால், கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறி வீணாகிறது. இக்குறையைக் குழாயின் வடிவத்தால் போக்க முடியுமா என்பது கேள்வி. 1951 வாக்கில் மேற்கு ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் வோல்ஃப், நடுவில் பருத்து இரு முனையிலும் குறுகும் குழாயைப் பந்தய வண்டிகளில் பொருத்தினார். கிழக்கு ஜெர்மனியில் சோப்பாவ் என்னும் ஊரில் இருந்த எம்.இசட். தொழிற்சாலையின் பந்தயப் பிரிவுக்கு 1953இல் பொறுப்பேற்ற வால்ட்டர் காடன், அக்கருத்தை முழுமையாக வளர்த்தார்.

காடனிடம் பணமும் வசதியும் குறைவு. ஆனால் ஆசிலாஸ்கோப் என்னும் அலைவு காட்டி இருந்தது. அதைக் கொண்டு குழாய்க்குள் ஓடும் அழுத்த அலைகளை ஆராய்ந்தார். குழாயின் விரியும் பகுதி உறிஞ்சும் அலையைத் திருப்பி அனுப்பிப் புகையை இழுக்கும். பின்னர்க் குறுகும் பகுதி அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே நழுவிய புதிய கலவையை உருளைக்குள்ளேயே தள்ளிவிடும். 1961இல் அவருடைய 125 கன செ.மீ. எஞ்சின், நிமிடத்துக்கு 10,800 சுற்றில் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் இது 200 குதிரைத்திறன். காற்றை அழுத்தித் தரும் தனிப்பொறி எதுவுமின்றி இந்த அளவை எட்டிய முதல் எஞ்சின் இதுவே என்று போற்றப்படுகிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பரபரப்பான நிகழ்ச்சி நடந்தது. எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், உலகப் பட்டம் கைக்கெட்டும் நிலையில், சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கு நாடுகளின் பக்கம் தப்பிச் சென்றார். பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாதமே ஆகியிருந்தது. காடனின் நுட்பங்கள் அவருடன் ஜப்பானின் சுசுகி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மறு ஆண்டே, 1962இல், டெக்னர் சுசுகி வண்டியில் 50 கன செ.மீ. பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார்.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிறிய வண்டிக்கு 8 கியர்கள்! 1967இல் சுசுகி உருவாக்கிய இரட்டை உருளை 50 கன செ.மீ. பந்தய வண்டிக்கோ 14 கியர்கள்! ஏன் இத்தனை? குழாயின் உதவி குறுகிய ஒரு வேக எல்லைக்குள்தான் கிடைக்கும். எஞ்சின் அந்த எல்லையைவிட்டு இறங்காமலிருக்க, ஓட்டுபவர் ஓயாமல் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் தந்த இலாபத்துக்குக் கொடுத்த விலை இது.

தமிழகம் வந்த கலை

சுசுகி கற்ற கலை சாலை வண்டிகளின் வடிவில் தமிழகத்துக்கும் வந்தது. 1984இல் டி.வி.எஸ். நிறுவனமும் சுசுகியும் இணைந்து ஓசூரில் 100 கன செ.மீ. இண்ட்-சுசுகி மோட்டார் சைக்கிளை உற்பத்தி செய்யத் தொடங்கின. 1985இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. அதன் 98 கன செ.மீ. எஞ்சின் 7500 சுற்றில் 11 குதிரைத்திறன் தந்தது. அக்காலப் புல்லட்டின் 346 கன செ.மீ. எஞ்சின் தந்ததோ 18. சிறிய எஞ்சின் இத்தனை திறன் தந்ததில், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அதற்கென்றே வடிவமைத்த குழாய்க்கும் பங்குண்டு.

1983இல் வந்த இராஜ்தூத் 350 வண்டியின் கதை இன்னும் அறிவு புகட்டுவது. ஜப்பானில் இதன் மூல வண்டி 39 குதிரைத்திறன் கொண்டது. நம் நாட்டில் பெட்ரோல் செலவைக் குறைக்க வேண்டி, குழாய் உள்ளிட்ட மாற்றங்களால் அதைச் சுமார் 30 ஆகக் குறைத்தார்கள். தொழிற்சாலைக்குக் கூடுதல் திறனைப் பெறும் வழி தெரியாமல் இல்லை, தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள். அப்படியும் அதன் பெட்ரோல் தாகம் வாங்குவோரை அச்சுறுத்தவே, ஏறத்தாழ 1990க்குள் உற்பத்தி நின்றுபோயிற்று.

சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும்

அப்படியானால் குழாயும் டியூனிங்கும் உண்மையாகவே பயன்படும் இடம் எது? அதைக் காண நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பியட், ஹெரால்டு போன்ற அன்றாடக் கார்களின் எஞ்சின்களைத் தம் கைகளாலேயே செப்பனிட்டு ஓட்டியவர்கள் அங்கே உண்டு. 1990 முதல் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தன. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை செல்லும் வழியில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் அவ்வூர் வரும். அங்குள்ள பந்தயத் தடம் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ளது.

பந்தயத் தடத்தில் எஞ்சின் எப்போதும் உச்சச் சுற்றுகளிலேயே ஓடுகிறது. கீழ்ச் சுற்றுகளில் இழப்பு நேர்ந்தாலும் கவலையில்லை. அங்கே அவர் இறங்குவதே இல்லை. ஒரு சுற்றுக்கு அரை நொடி மிச்சமானாலும் வெற்றி தோல்வி மாறும். அங்கே திமிரிக் குழாய்க்குக் கொடுக்கும் விலை வீண் அன்று.

ஆனால் பந்தய உலகமும் வேறொரு பாடத்தைக் கற்றுத் தந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1988 வாக்கில் குறைந்த செலவிலான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி எனப் பெயர் பெற்ற அக்காரில் இருந்தது, சாதாரண மாருதி 800 காரின் 796 கன செ.மீ. எஞ்சின்தான். அவர் எஞ்சினிடம் அதிகம் கேட்கவில்லை, சுமையைக் குறைத்தார். நிறை குறைந்தால் அதே விசை அதிக முடுக்கம் தரும் என்ற நியூட்டனின் விதியே அதன் அடிப்படை.

சாலையில் எவ்வளவு திறன் தேவை?

இனி நம் சாலைக்கு வருவோம். புல்லட் போன்ற வண்டியில் ஒருவர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் செல்கிறார். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோகிராம் எனலாம். இந்த வேகத்தில் காற்றின் தடை சுமார் 100 நியூட்டன். சக்கரங்களின் உருளல் தடை சுமார் 37 நியூட்டன். மொத்தம் 137 நியூட்டன். 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 2,290 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆகையால், இது சுமார் 3 குதிரைத்திறன்!

18 குதிரைகள் பூட்டிய வண்டியில் 3 குதிரைகளே வேலை செய்கின்றன. மற்றவை முடுக்கத்துக்கும் மேட்டுக்கும் காத்திருக்கின்றன. இதில் மேலும் ஒன்றிரண்டு குதிரைகளைப் பணம் கொடுத்துச் சேர்த்து என்ன பயன்?

உச்ச வேகமாவது நன்கு கூடுமா என்று கேட்பீர்கள். காற்றைக் கிழித்துச் செல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் கூடும். புதிய குழாயும் டியூனிங்கும் 10 விழுக்காடு திறனைக் கூட்டியதாகவே வைத்துக்கொள்வோம். வேகம் கூடுவது 3 விழுக்காடே. மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடிய வண்டி 103 ஓடும். முடுக்கம் கூடுமல்லவா? கூடும், ஆனால் குழாய்க்கு உகந்த உச்சச் சுற்றுகளில் மட்டுமே. காந்தி ரோட்டு நெரிசலில் 2000, 3000 சுற்றில் ஓடும் வண்டி, முன்னிலும் மந்தமாக இழுக்கவும் கூடும்.

உற்பத்தியாளர்கள் இதை நன்கறிவார்கள். நம் மாவட்டத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் உள்ளன. அந்நிறுவனம் 2021இல் வெளியிட்ட புதிய கிளாசிக் 350 வண்டியின் 349 கன செ.மீ. எஞ்சின் தருவது 20.2 குதிரைத்திறன். பழைய புல்லட்டைவிட இரண்டே அதிகம். இது இயலாமை அன்று. நம் சாலைகளுக்குத் தேவை கீழ்ச் சுற்றுகளில் நல்ல முறுக்கு விசை என்று தேர்ந்து செய்தது.

ஓசை திறன் ஆகுமா?

"அப்படியென்றால் குழாயை மாற்றியதும் வண்டி சீறுவதாகத் தோன்றுகிறதே!" என்பர் சிலர். தோன்றுவது உண்மை, ஆனால் சீறுவது வண்டியன்று, ஓசைதான். ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபல் அளவுக்குக் காதைத் துளைக்கும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒலியின் செறிவு ஒரு சதுர மீட்டருக்கு 0.1 வாட். ஓசை எல்லாப் பக்கமும் அரைக்கோளமாகப் பரவுவதாகக் கொண்டால், மொத்த ஒலித்திறன் சுமார் 0.6 வாட். எஞ்சினின் திறனோ 13,000 வாட்டுக்கு மேல்! ஆக, ஓசை என்பது திறனில் ஒரு துளிகூட அன்று. ஆனால் நம் காது அதையே வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. கடிகாரத்துக்கு அந்த மயக்கம் கிடையாது.

அந்த 0.6 வாட் வண்டிக்குப் பயனற்றதே தவிர, பிறருக்குத் தீங்கற்றதன்று. வாசலையொட்டித் தறி போட்டிருக்கும் தெருவில், தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கும் நோயுற்ற முதியவருக்கும் அது இடி. ஓட்டுபவரின் செவியையும் அது நாளடைவில் கெடுக்கும்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. 2019இல் திருத்தப்பட்ட 190ஆம் பிரிவின்படி, ஒலி, புகை விதிகளை மீறுவோருக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும்.

மேலும், 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளின் புகைப்பாதையில் வினையூக்கி மாற்றி என்னும் உறுப்பு உள்ளது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய அது, நச்சு வாயுக்களை மாற்றிவிடுகிறது. குழாயை முழுதாக மாற்றுபவர் இதையும் சேர்த்துக் கழற்றி எறிகிறார். புகையில் எஞ்சும் ஆக்சிஜனை அளந்து பெட்ரோலின் அளவைத் திருத்தும் உணரியின் கணக்கும் குழம்பலாம். பழைய கார்புரேட்டர் வண்டியில் குழாயை மட்டும் மாற்றினால், கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும் அபாயமும் உண்டு.

முடிவு செய்வது எப்படி?

பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என் வண்டி பெரும்பாலும் எந்தச் சுற்று வேகத்தில் ஓடுகிறது? புதிய குழாய் எந்தச் சுற்று வேகத்துக்கு அமைந்தது? அதன் பயனை டைனமோமீட்டரில் ஏற்றி, மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் அளந்து, எல்லாச் சுற்றுகளுக்கும் வரைபடமாகக் காட்டுவார்களா? உச்சத் திறனை மட்டும் ஒரே எண்ணாகச் சொன்னால் போதாது. கீழ்ச் சுற்றுகளில் இழந்தது எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். இம்மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால், நீங்கள் வாங்குவது ஓசையே.

பந்தயத் தடத்தில் ஓட்டப் பயிற்சி பெற்று, அங்கேயே பயன்படுத்தப் போகிறவருக்கு இச்செலவு தகும். மற்றவர்களுக்குச் சில நூறு ரூபாயில் முடியும் வேலைகளே மிகுந்த பலன் தரும். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கை மாற்றுங்கள். வால்வின் இடைவெளியைச் சரிபாருங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, டயரில் உரிய அளவு காற்று வையுங்கள். பிறகு டாங்கை நிரப்பிக்கொண்டு ஓட்டி, மீண்டும் நிரப்பி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துவையுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து குறித்தால், உங்கள் எஞ்சினைப்பற்றி எந்த விளம்பரமும் கூறாத உண்மை அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.